முதுகுக்குப் பின்னால் பத்து சிலிண்டர்

அரியலூர்ப் பக்கம் டிப்பர் ஓட்டுகிறவர்கள் எந்த வண்டியையும் சட்டென்று நல்லது, கெட்டது என்று சொல்லிவிட மாட்டார்கள். “அதோட குணம் தெரிஞ்சு ஓட்டணும்” என்பார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதத்தில் வந்த இரண்டு லாரிகள். ஒன்றில் கிளட்ச் அடியிலேயே பிடித்துவிடும். மற்றதில் பெடல் முக்கால்வாசி மேலே வந்த பிறகுதான் பிடிக்கும். ஒன்றில் ஸ்டியரிங் ப்ளே கொஞ்சம் கூடுதல். ஒன்று லோடோடு அமைதியாகப் போகும், காலியாகத் திரும்பினால் துள்ளும். இதையெல்லாம் அவர்கள் குறையாகப் பேசுவதில்லை. கொஞ்ச நாள் ஓட்டினால் கையும் காலும் தாமாகவே அதற்கேற்ப மாறிக்கொள்ளும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமென்ட் ஆலைக்கும் இடையே இரவு பகலாக ஓடும் அந்த வண்டிகளின் நடுவே ஒரு சூப்பர் கார் வந்து சேர்ந்தபோது, அதைப் பழகவும் இதே பாடம்தான் வேண்டியிருந்தது. வேகமெல்லாம் கடைசியில் வருகிற சங்கதி.

வாங்கியவன் என் மாமன் மகன். பெரம்பலூரில் மக்காச்சோள வியாபாரம். பள்ளிக்கூட நாளிலேயே நோட்டு அட்டையில் கார் படம் ஒட்டி வைத்திருந்தவன். வாங்கியது லம்போர்கினி ஹுராக்கான், எல்பி 610-4. இன்னொருவர் கையில் கொஞ்சக் காலம் இருந்த வண்டி. 2014-ல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி 2024 வரை தயாரான மாடல் இது. இருக்கைக்குப் பின்னால் 5.2 லிட்டர், பத்து சிலிண்டர் எஞ்சின். டர்போ கிடையாது. 610 குதிரைத்திறன், அது முழுசாக வர எஞ்சின் நிமிஷத்துக்கு 8,250 சுற்று சுற்ற வேண்டும். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.2 வினாடி. இவற்றையெல்லாம் அவன் மனப்பாடமாகச் சொல்வான். வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு வண்டியை இறக்கும்போது இவற்றில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

டிராக்டர் ஓடும் ஊருக்கு லம்போர்கினி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஃபெருச்சியோ லம்போர்கினி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போர் முடிந்து இத்தாலியில் கழித்துக்கட்டிக் கிடந்த ராணுவ வண்டிகளின் பாகங்களைக் கொண்டு டிராக்டர் செய்யத் தொடங்கியவர். 1948-ல் டிராக்டர் கம்பெனி, 1963-ல்தான் கார் கம்பெனி. தன் ஃபெராரியின் கிளட்ச் அடிக்கடி போனதில் ஏற்பட்ட சச்சரவுதான் அவரைக் கார் செய்ய வைத்தது என்று ஒரு கதை உண்டு. டிராக்டர் பிரிவு 1973-ல் ‘சேம்’ என்ற இத்தாலியக் கம்பெனிக்குப் போனது. அது பிற்பாடு சேம் டாய்ட்ஸ்-ஃபார் ஆயிற்று. அந்தக் குழுமத்துக்கு நம் ராணிப்பேட்டையில் டிராக்டர் ஆலை இருக்கிறது. காரைப் பார்க்க வந்த பருத்திக்காட்டுப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அப்ப நம்ம ஆளுதான்” என்றார். அதன் பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

புது வண்டிக்குப் பூசை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சன்னதியில். வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் கோயில் அது. சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும். சாதாரணக் காரில் இது ஒரு காரியமே இல்லை; ஹாஃப் கிளட்சில் ஒரு முழம் நகர்த்தினால் முடிந்தது. இதில் கிளட்ச் பெடலே இல்லை. உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கின்றன: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் கியர்களுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. ஒரு கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியர் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடுவதும் மற்றது பிடிப்பதும் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். வேகத்தில் இது அற்புதம். ஒரு முழம் நகர்த்துவதில்தான் இதன் சுபாவம் வெளிப்படும். மிதித்தும் மிதிக்காமலும் கால் வைத்தால் யோசிக்கும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் திடுக்கென்று நகரும். அன்றைக்குப் பழம் நசுங்கியது, வண்டி ஒரு முழத்துக்குப் பதில் ஒரு பாகம் போய் நின்றது, பூசாரி நகர்ந்துகொண்டார். கம்ப்யூட்டரும் நம்மைப் போலவே ஹாஃப் கிளட்ச்தான் போடுகிறது, ஆனால் ஓட்டுகிறவர் எண்ணம் என்னவென்று அதற்குக் கால் வழியாக மட்டுமே தெரியும். பிரேக்கிலிருந்து காலை நிதானமாக எடுத்து, வண்டியைத் தானாக ஊர விட்டு, பிறகு தயங்காமல் மிதிக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டதும் பெரம்பலூர் டவுன் நெரிசலில் வண்டி பாதி வசப்பட்டுவிட்டது. மீதிப் பாதி, அந்த நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்கக் கூடாது என்பது. முன்னால் இடைவெளி விழும்வரை நின்று, ஒரேயடியாக நகர்ந்தால் கிளட்ச் சூடாகாது.

பாலக்கரை ரவுண்டானாவில் அடுத்த பாடம். இந்த வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இண்டிகேட்டர் தண்டு கிடையாது. அந்த இடத்தில் கியர் மாற்றும் துடுப்புகள் இருக்கின்றன. இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் ஸ்டியரிங் சக்கரத்தின் மேலேயே பொத்தான்கள்; இண்டிகேட்டரை இடது கட்டைவிரலால் பைக்கில் தள்ளுவதுபோல் தள்ளி, நிறுத்த உள்ளே அழுத்த வேண்டும். நேர்ச்சாலையில் இது வெகு சுகம். ரவுண்டானாவில் சக்கரம் பாதி சுற்றியிருக்கும்போது பொத்தானும் கூடவே சுற்றிப்போயிருக்கும். இடம் எது, வலம் எது என்று விரலுக்கே குழப்பம் வரும். வளைவதற்கு முன்பே விரலின் வேலையை முடித்துவிட்டுக் கையை வளைக்கும் பழக்கம் வந்தால்தான் சரிப்படும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பவும் பிடித்திருக்கிறது. கை ஸ்டியரிங்கை விட்டு எதற்காகவும் விலகக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் செய்தது அது. அதே சக்கரத்தின் அடியில் ‘ஆனிமா’ என்ற சின்ன விசை: ஸ்ட்ராடா, ஸ்போர்ட், கோர்சா என்று மூன்று நிலை. ஸ்ட்ராடாவில் வண்டி சாந்தம். கோர்சாவில் கியரை நாமே மாற்ற வேண்டும், வண்டி தானாக மாற்றித் தராது. ஊருக்குள் ஸ்ட்ராடாவுக்கு மேல் போகிறவரை நான் மதிக்க மாட்டேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். சூப்பர் காரை அறிய இந்த முப்பது கிலோமீட்டர் போதும் என்பேன். முதலில் வேகத்தடைகள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். ஊர்க்காரர்கள் ஒரு விபத்துக்குப் பிறகு கோபத்தில் கேட்டு வாங்கிய தடை அந்த அளவில் இருக்காது, செங்குத்தாக நிற்கும். ஹுராக்கானின் மூக்கு தரையோடு ஒட்டியது. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் சில சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளும். ஆனால் தூக்க இரண்டு மூன்று வினாடி பிடிக்கும், பின்னால் வருகிற டிப்பருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகையால் தடை கண்ணில் படுவதற்கு முன்பே அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும். டீக்கடை தாண்டி ஒன்று, பள்ளிக்கூட மதிலுக்கு முன்னால் ஒன்று என்று சாலையின் மொத்த வரைபடமும் இப்போது அவன் தலைக்குள் இருக்கிறது. ரொம்பச் செங்குத்தான தடையில் நேராக ஏற்றுவதில்லை. கோணலாக அணுகி, ஒரு சக்கரம் ஏறி, அடுத்தது ஏறி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்து இறங்கும். அதை அவசரமில்லாமல் செய்யும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உடலின் இறுக்கம் தெரியும். நாலு சக்கரமும் நாலு உயரத்தில் இருக்கும்போதுகூட எங்கும் ஒரு முனகல் கேட்பதில்லை. கார்பன் இழையும் அலுமினியமும் கலந்து செய்த சட்டம் அது. அதன் உறுதியைப் பந்தயத் தளத்தில்தான் உணர முடியும் என்றில்லை, ஆள் நடக்கும் வேகத்தில் ஒரு கிராமத்து வேகத்தடையிலும் உணரலாம்.

பிறகு மண். இந்த வட்டாரத்தில் பருத்தி விளையும் கரிசல், நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன் மேல் போட்ட தார்ச்சாலை சில வருஷத்தில் அலையலையாகிவிடும். பெரிய கார்களில் போகிறவருக்கு இது தாலாட்டு. இதில் போனால் ஒவ்வொரு அலையும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். டயரின் பக்கச்சுவர் அவ்வளவு மெல்லியது. முப்பது, நாற்பதில் போனால் தட்தட்டென்று அடிக்கும். எழுபதைத் தொட்டதும் அலைகளின் மேல் ஒரு நிதானம் வந்துவிடும். மெதுவாகப் போனால் சொகுசு என்ற பொதுவான நினைப்பு இங்கே எடுபடாது. இந்த வண்டிக்குத் தனக்கு இஷ்டமான ஒரு வேகம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் அது மனிதரைத் தொந்தரவு செய்வதில்லை. கண்ணாடியில் படியும் வெள்ளைத் தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சுண்ணாம்புக்கல் தூசி. டைனோசர் காலத்தில் இங்கே அலையடித்த கடலின் அடிமண்டி. காரை கிராமத்துப் பள்ளங்களில் அந்தக் கடலின் அம்மோனைட் கூடுகளைத் தேடி வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள்கூட வருகிறார்கள். அந்தக் கடல்தான் சிமென்ட்டாகி லாரியில் போகிறது.

லாரிக்குப் பின்னால் போவது தனிக்கலை. இந்தக் காரின் மொத்த உயரம் 1,165 மில்லிமீட்டர். லாரி டயரின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டிப்பர் டிரைவரின் கண்ணாடியில் நாம் விழவே மாட்டோம். நம் ஊரில் லாரிக்காரர் கையை வெளியே நீட்டி “வா, வா” என்று அசைத்தால்தான் முந்துவோம். அந்தக் கை நம்மைப் பார்த்து அசைகிறதா, நமக்குப் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்தா என்று இதில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அவன் செய்வது இதுதான்: நன்றாகப் பின்தங்கி, கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, முகப்பு விளக்கு லாரிக் கண்ணாடியில் ஒருமுறை படும்படி காட்டிவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பான். பின்பக்கப் பார்வையோ அதைவிட மோசம்; எஞ்சின் மூடியின் பட்டைகளுக்கு நடுவே ஒரு கீற்று தெரியும், அவ்வளவுதான். இது அந்தக் குடும்பத்துக்கே உரிய சுபாவம். 1970-களின் கவுன்டாச்சில் பின்னால் எதுவுமே தெரியாது. வாலன்டினோ பல்போனி என்ற புகழ்பெற்ற லம்போர்கினி சோதனை ஓட்டுநர், கதவை மேலே தூக்கிவிட்டு, வாசற்படி போன்ற அதன் ஓரத்தில் உட்கார்ந்து, தலையை வெளியே திருப்பியபடி அதை ரிவர்ஸ் எடுப்பார். கவுன்டாச் வைத்திருந்தவர்கள் பலரும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இனி இந்தக் காரின் நடு நாடிக்கு வருகிறேன். எஞ்சின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். எடையில் 43 பங்கு முன்சக்கரத்தில், 57 பங்கு பின்சக்கரத்தில். படத்தில் பார்த்தால் இது ஒரு கணக்கு. வளைவில்தான் அது உயிர் பெறும். அரியலூர்ச் சாலையில் ஒருநாள், பல வருஷம் சுண்ணாம்புக்கல் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனான். நான் வேறு வண்டியில் பின்னால். நிறுத்திய இடத்தில் அந்தப் பெரியவர் இறங்கி, முன்பக்கம் தட்டிப் பார்த்தார், பின்பக்கம் தட்டிப் பார்த்தார்.

“லோடு பின்னாடி இருக்கு தம்பி. வளைவுல பயந்து காலை எடுக்காதீங்க. எடுக்கணும்னா முன்னாடியே எடுத்துடுங்க.”

இயந்திரவியல் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாயும். பின்சக்கரத்தின் பிடி இளகும். பின்னால் இருக்கும் கனம் தன் போக்கில் வெளியே தள்ளப் பார்க்கும். லோடு ஏற்றிய டிப்பரில் அதைச் செய்தவர் வண்டியோடு வாய்க்காலில் கிடப்பார். எனவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, உள்ளே நுழையும்போது காலை மெல்ல ஆக்ஸிலரேட்டரில் வைத்து, வெளியே வரும்வரை அதை நிலையாக வைத்திருக்க வேண்டும். அப்படி ஓட்டும்போது இந்தக் கார் வளைகிற விதத்தை நான் பக்கத்தில் இருந்து அனுபவித்திருக்கிறேன். முன்பக்கம் கனமில்லாததால் மூக்கு உடனே திரும்பும். கார் நம் இடுப்பை அச்சாகக் கொண்டு சுற்றுவதுபோல் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் இழுவை போவதால் வெளியேறும்போது தடுமாற்றம் இல்லை.

எஞ்சினை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் கார்களின் சுபாவமே இருக்கிறது. 1966-ல் வந்த லம்போர்கினி மியூராவில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் குறுக்காக நின்றது, பெட்ரோல் டாங்க் முன்னால். பெட்ரோல் தீரத் தீர மூக்கின் கனம் குறைந்து, அதிவேகத்தில் முன்பக்கம் லேசாகிவிடும். மியூராக்காரர்கள் டாங்கைக் காலியாக விட மாட்டார்கள். போர்ஷே 911-ல் எஞ்சின் பின் அச்சையும் தாண்டித் தொங்குகிறது. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அதை ஓட்டி, தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து அந்தக் காரின் பெயர் பெரம்பலூர் டீக்கடைப் பையன்கள் வாயிலும் இருக்கிறது. பின்னால் தொங்கும் அந்த எடைச் சாய்மானத்தைக் கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டு என்று திருத்தித் திருத்தி போர்ஷே கம்பெனி தன் கையெழுத்தாகவே ஆக்கிக்கொண்டது. எடையின் பாடத்தைச் சின்ன வண்டியிலும் படிக்கலாம். நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டுவதற்கு முன்னால், 1993-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர். வலுக் குறைந்த அந்தச் சின்ன வண்டியில் போன வேகத்தைத் திரும்பப் பெறுவது சிரமம். எடை எந்தச் சக்கரத்தில் நிற்கிறது என்று பார்த்து, வேகத்தைச் சிந்தாமல் வளைய வேண்டும். பெரிய காரை வாங்குகிறவர் சின்ன காரில் இதைக் கற்றுக்கொண்டு வருவது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் மாமன் மகனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. டிப்பர் டிரைவர்தான் வாய்த்தார்.

பிரேக்குக்கும் ஒரு சுபாவம். கார்பன் செராமிக் தட்டு. சூடேற ஏறப் பிடி கூடும். காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் மிதித்தால் ஒரு கிறீச்சிடல், பெடலில் ஒரு மரத்தன்மை. அதைக் கேட்டுப் பக்கத்து மெக்கானிக் கடைப் பையன் “அண்ணே, பேட் போயிருச்சு” என்றான். போகவில்லை, குளிர்ந்திருக்கிறது. சிமென்ட் லாரியின் டிரம் பிரேக்கோ இறக்கத்தில் சூடேறினால் பிடி விட்டுப்போகும். எதிரும் புதிருமான இரண்டு சுபாவங்கள் ஒரே சாலையில் போகின்றன. முதல் சில கிலோமீட்டர் அவன் டயரையும் பிரேக்கையும் எண்ணெயையும் சூடாக்குவதற்கென்றே ஒதுக்கிவிடுகிறான். அந்த நேரத்தில் பாட்டுப் போடுவதில்லை, பேசுவதும் குறைவு.

சூடேறிய பிறகு திருமாந்துறை டோல்கேட். சென்னைப் பக்கம் போகும்போது ஃபாஸ்டேக்கில் தடுப்பு எழும்பியதும், முன்னால் அகலமாக, நேராக, வெறிச்சென்று சாலை விரிந்து கிடக்கும் சமயம் பார்த்து விசையை ஸ்போர்ட்டுக்குத் தள்ளுவான். நான்குவழி நெடுஞ்சாலையில் கார்களுக்கு 2018-ல் மத்திய அரசு வகுத்த உச்ச வேகம் 100. இந்தக் கார் அதை இரண்டாம் கியரிலேயே தொட்டுவிடும். ஆக, சட்டத்துக்குள் இந்த எஞ்சின் தரும் விருந்து மூன்று நான்கு வினாடிதான். அந்த வினாடிகளைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். மூவாயிரத்தில் ஒரு கனத்த உறுமல், டீசல் லாரிக்கு உறவு என்று சொல்லலாம். ஐயாயிரம் தாண்டும்போது அதன் அடர்த்தி கலைந்து தனித்தனி இழையாகப் பிரியும். ஏழாயிரத்துக்கு மேல் எல்லா இழையும் சேர்ந்து ஒரே உச்ச சுருதி. டர்போ இருக்கும் எஞ்சினில் டர்பைன் சக்கரம் நடுவில் நின்று ஒலியை அமுக்கிவிடும்; கால் மிதித்ததற்கும் இழுவை வருவதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளியும் இருக்கும். இதில் கால் அசைந்த அளவுக்கு எஞ்சின் அசைகிறது, உடனே, அதே அளவு. ஹுராக்கானுக்குப் பின் வந்த டெமராரியோவில் எட்டு சிலிண்டரும் இரட்டை டர்போவும் மின் மோட்டாரும் சேர்ந்திருக்கின்றன. வலு இதைவிட மிக அதிகம். இந்தச் சுருதியை ஒரு தொழிற்சாலை இனி புதிதாகச் செய்து தரப்போவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சித்திரை வெயிலில் இந்த உச்சமும் ஒரு மாற்றுக் குறையும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, எஞ்சினுக்குள் போகும் பிராணவாயுவும் குறைவு. மார்கழி விடியலில் அதே இடத்தில் அதே காரைக் கேட்டால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

வெயிலில் பழகியாகிவிட்டது, பனியிலும் பழகியாகிவிட்டது. மழை பாக்கி. பின் டயரின் அகலம் 305 மில்லிமீட்டர். அகலம் கூடக்கூட, தேங்கிய நீரைப் பிளந்து தரையைத் தொடுவது டயருக்குக் கஷ்டம். நீரின் மேலேயே வழுக்கும். அதோடு இந்தச் சாலையில் மாசக்கணக்காகப் படிந்திருக்கும் கல்தூசியும் ஆயிலும் முதல் தூறலில் குழைந்து, மெழுகிய திண்ணை மாதிரி ஆகிவிடும். ஐப்பசி பிறந்ததும் எடுத்துப் பார்க்கலாமா என்று அந்த ஓய்வு பெற்ற டிரைவரிடமே கேட்டான்.

“முதல் மழைக்கு எடுக்காதீங்க. அது ரோட்டைக் கழுவிட்டுப் போகட்டும். ரெண்டாவது மழைக்கு எடுங்க, நானும் வரேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். முன் டயரின் காற்றழுத்தம் மழைக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.